அறுபத்து மூன்றாம் ஆண்டு எஞ்சின்

வியாழன்
காற்று அடங்கவில்லை. மண்ணெண்ணெய், பழைய பல் தூரிகை, டோர்ச். வாப்பாவின் கார் எஞ்சினைக் கழுவினேன். பழைய கார்ச் சங்கத்துப் படிவத்துக்கு, இரும்பு வார்க்கும்போதே அச்சில் விழுந்த இலக்கம் வேண்டுமாம். அழுக்குக்கு அடியில்: ஜீ 19 63. எழுத்து மாதம். ஏ ஜனவரி என்றால் ஜீ ஜூலை. 1963 ஜூலை 19.

வாப்பா கார் பதிந்தது 1958இல்!

மேலே ஆணி அடித்த தகட்டில் மட்டும் பதிவுப் புத்தகத்து இலக்கம். எவனோ தகட்டைக் கழற்றி வேறு எஞ்சினில் அடித்திருக்கிறான். நான் சவூதியில் இருந்த காலம் முழுக்க இதில் கை வைத்தவன் மெக்கானிக் நவ்பர் ஒருவன்தான். கள்ளன்.

வெள்ளி
ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் பிடித்தேன். ஊரே நின்றது. "வாப்பாட எஞ்சின எங்க வித்தாய், கள்ளா?" நவ்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். பிரஷர் குளிசை போட மறந்தேன்.

திங்கள்
நவ்பரின் கராஜுக்கு யாரும் வண்டி கொண்டு போவதில்லையாம். நல்லா வேணும்.

செவ்வாய்
கொளுத்தும் வெயில். கூடப் பிறந்த மூத்தவர், நானாவிடம் முறையிட அவருடைய உப்பளத்துக்கு. தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் இறைக்கும் எஞ்சின். கை சும்மா இருக்கவில்லை, சாவியால் துருவைச் சுரண்டினேன். கே 5 57. 1957 நவம்பர். தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளை.

"ஓம், நான்தான் எடுத்த," என்றார் நானா. வெட்கமே இல்லை. "பம்பு பழுது, உப்பு வெளையிற நேரம். வாப்பா படுக்கையில. அவருக்குத் தெரியாம இரிக்கட்டும் எண்டு நவ்பர்ட்டச் சொல்லி வேற எஞ்சின் போட்ட."

"எனக்கும் சொல்லல்லையே, நானா!"

"நீ கேக்கல்லையே."

கேட்கவில்லையாம்!

புதன்
கராஜ் வெறிச்சோடிக் கிடந்தது. நவ்பர் கதிரை இழுத்துப் போட்டான். உட்காரக் கூசியது.

"அண்டைக்கே ஏன்டா சொல்லல்ல?"

"பள்ளி வாசல்ல வெச்சு ஒங்கட நானாவக் கேவலப்படுத்தவா, ஹாஜியார்? வயசான மனிசன். இப்பவும் அவர்ட பேர எடுக்காதீங்க."

வியாழன்
பேரை எடுக்காமல் எப்படி? ஒரே வழிதான். நாளை ஜும்ஆ முடிந்ததும் அதே ஆட்கள் முன்னால், எனக்கு எஞ்சின் கோட் வாசிக்கத் தெரியவில்லை, 57ஐ 63 என்று பார்த்துவிட்டேன், நவ்பர் கள்ளன் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாதாம்! நானா இஸ்திரி போட்ட ஜுப்பாவோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கண்ணாடி முன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அது 63தான்.