பதின்மூன்று பொத்தான்

மேடவாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கவேண்டும் என்று கன்னியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உன் மகள் மிருதுளாவுக்கு ஒன்றுமில்லை என்று நேற்றே போனில் சொன்னேன், நீ நம்பவில்லை, சும்மா தேத்துறீங்க என்று அழுதாய், பிள்ளையை விட்டு வந்ததே தப்பு, ஆஸ்பத்திரி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாய். நீ அழுதால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அவளும் அழுகிறாள், விஷயம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பக்கத்துத் தெரு துரை லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

பதின்மூன்று பொத்தானைக் கொடுத்து எத்தனை என்று கேட்டால் பிள்ளை மூன்று என்கிறாள், யுகேஜி முடியப்போகிறது, எண்ணிக்கை மனதில் ஏறவே இல்லை, டாக்டரிடம் காட்டுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் இதே வகுப்பில் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் இல்லையா, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய் பக்கத்தில் இல்லாததால்தான் இப்படியோ என்று நீ நினைத்ததையே நானும் நினைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை. தாம்பரம் போய் எண் அட்டை வாங்கிவந்து சுவரில் ஒட்டி, தினமும் நூறு வரைக்கும் கத்தவைத்தேன். புள்ளைய இன்னாத்துக்குப் பேஜார் பண்ற என்று உன் அம்மா என்னோடு ஒரே சண்டை. கொஞ்ச நாளில் குழாயைத் திறந்தாற்போல் நூறு வரை கொட்டினாள். ஆனால் பள்ளியில் பொத்தானை வைத்தால் மறுபடியும் மூன்றுதான்.

நேற்றுக் காலையில் வகுப்பு டீச்சர் அருள்மேரி எங்களைக் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளைக்குத் தண்ணீர் லாரி ஓட்டம், கோடையில் லீவு ஏது, அதனால் மீன்கடையைத் திறக்காமல் நானும் உன் அம்மாவும்தான் போனோம். எங்கள் எதிரிலேயே டீச்சர் பொத்தான்களைக் கொட்டினார். உன் மகள் மேஜையைக் கையால் ஒரு தடவை துடைத்தாள், நாலு பொத்தானை ஒன்றாகக் குவித்தாள், தள்ளி இன்னொரு நாலு, அப்புறம் இன்னொரு நாலு. மிச்சம் இருந்த ஒன்றை டீச்சர் கையில் வைத்து அழுத்திவிட்டு மூணு என்றாள். டீச்சர் என்ன நினைத்தாரோ, எது மூணு, காட்டு என்றார். அதுகூடத் தெரியலையா என்கிற மாதிரி அவரைப் பார்த்து, மூணு கூறு டீச்சர், உன் கையில கீறது கொசுறு என்றாளே பார்க்கலாம்.

சாயங்காலம் பள்ளி விட்டால் கடையில் உன் அம்மா பக்கத்தில்தானே உட்காருகிறாள். அங்கே மத்தியை யார் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள், நாலு நாலாகக் கூறு போட்டு வைத்து எத்தனை கூறு வேணும் என்றுதானே கேட்கிறோம், மிஞ்சுகிற ஒன்றைக் கொசுறாகப் போட்டுவிடுகிறோம். நீயும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தான், உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கூறுல எத்தனை என்று கேட்டதற்கு நாலு என்றாள். எல்லாத்தையும் கலைச்சிட்டுத் தனித்தனியா எண்ணு என்றதும், கொசுறையும் வாங்கி வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பதின்மூன்று வரைக்கும் தப்பில்லாமல் வந்தாள். எதை எண்ணணும்னு நான் சொல்லவேயில்லை, தப்பு என்னோடது, டாக்டரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஒன்றாம் வகுப்புக்குப் போகட்டும் என்று டீச்சரே சொல்லிவிட்டார். சரிசமமாப் பிரிச்சு வைக்கிறது இந்த வயசுக்குப் பெரிய விஷயமாம். உன் அம்மா அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

நூறு வரைக்கும் கத்தவைக்கிறதை நிறுத்துங்க, சாப்பிடும்போது ஆளுக்கொரு தட்டு வருதான்னு அவளையே வைக்கச் சொல்லுங்க, எது அதிகம் எது குறைச்சல்னு கேளுங்க, தப்பாச் சொன்னா உடனே திருத்தாம எப்படின்னு கேளுங்க என்றார் டீச்சர். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் வீடியோ காலில் பரீட்சை வைக்காமல், இன்றைக்கு எத்தனை தோசை தின்றாய், எனக்கு எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேள், போதும்.

கிளம்பும்போது டீச்சர் பிள்ளையிடம் விளையாட்டாக, உங்க வீட்டுல எத்தனை பேர் என்றார். அஞ்சு என்றாள். போச்சுடா என்று நான் திருத்த வாயைத் திறந்தேன், டீச்சர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, எப்படி அஞ்சு என்று கேட்டார். தாத்தா, ஆயா, அப்பா, நானு, அம்மா என்று விரலை மடக்கினாள். அம்மா இங்க இல்லையே என்றதற்கு, அம்மா வேலைக்குப் போய்கீது, வந்துடும் என்றாள். அப்பா லாரிக்குப் போயிருக்கிறார் என்று எப்படிச் சொல்வாளோ அதே மாதிரி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டப் போய்விட்டாள். நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அதனால் வேலையை எழுதிக்கொடுக்காதே, கொடுத்திருந்தால் திருப்பி வாங்கு. லீவு கிடைக்கும்போது வா, பயந்துகொண்டு வராதே. கருவாட்டை வெயிலில் ஒரு தடவை காட்டி டப்பாவில் வை. கன்னியம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். உன் பிள்ளை போடும் கணக்கில் நீ வீட்டில்தான் இருக்கிறாய் அம்மா.

உன் அப்பா,
சிட்டிபாபு