எந்தப் பக்கம் இடிப்பது

14 ஆகஸ்ட் 1991, புதன்

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றனவாம். ரோட்டை அகலப்படுத்த எங்கள் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் போக வேண்டும். கிழக்கா மேற்கா என்று கேட்க, நகரமைப்பு அதிகாரி இன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்.

“நாங்களா முடிவு பண்ணா திணிச்சிட்டோம்னு சொல்வீங்க. நீங்களே கை தூக்குங்க.”

கைகளை எண்ணப் படித்தவர் யாராவது வேண்டும் என்றதும் அப்பா என்னை முன்னால் தள்ளினார். “எம் பொண்ணு பி.ஏ. சார்.”

“எண்றதுக்கின்னா பி.ஏ.? ஆடு எண்ற மன்னாரு போதுமே,” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

கிழக்கை இடிக்கச் சொன்னவர்களை முதலில் எண்ணினேன். எல்லோரும் எங்கள் மேற்குப் பக்கத்தார். பிறகு மேற்கை இடிக்கச் சொன்னவர்கள். எதிர்வீட்டு ஸ்டெல்லா என்னைப் பார்த்தபடியே கை தூக்கியிருந்தாள். அவளையும் எண்ணினேன். அவர்கள் குறைவு.

“உன் கைய சேத்தியாம்மா?” என்றார் அதிகாரி. சேர்க்கவில்லை. பிறகு சேர்த்துக்கொண்டேன். அது இல்லாமலே நாங்கள்தான் அதிகம்.

சாயங்காலம் ஸ்டெல்லா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாடி, சரியா எண்ணுனியா?”

“எண்ணுனேன்.”

“நீ எண்ணுனா தப்பு இருக்காது. எங்கப்பாதான் நம்பாம, வூடு வூடா மறுபடி எண்ணிக்கினு கீறாரு.”

அவள் சிரித்தாள். நான் தலையாட்டினேன்.

வீடு தப்பித்தது என்று அம்மா பாயசம் வைக்கப் போனாள். எதிர்வீட்டுக்கு வாசனை போகும் என்று அப்பா தடுத்துவிட்டார்.

தெருக்குழாய் கிழக்குப் பக்கம்தான் இருக்கிறது. காலையில் குடத்தோடு அங்கே போய் நிற்க வேண்டும்.