அம்மா நடித்த அருவிப் பாட்டு

சென்னை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுவிடுவாள் என்றுதான் உங்கள் தென்காசிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன்.

ஐந்தருவியில் நாம் எடுத்த மியூசிக் வீடியோவைக் கல்லூரி விழாவில் போட்டார்கள். அருவிக் காதல் பாட்டு என்றாலே மெல்லிய சேலையில் ஒரு பெண் தனியாக நனைவாள், பாறைக்குப் பின்னால் நின்று ஒருவன் பார்ப்பான். என் பாட்டிலும் காதல் வரிகள்தான். ஆனால் அம்மா தலை நிறைய எண்ணெயோடு, நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, பெண்கள் வரிசையில் நிற்கிறாள். நீங்கள் அவளுடைய மாற்றுச்சேலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே காத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த காதல் அதுதான்.

எண்ணெய்த் தலை திரையில் வந்ததுமே அரங்கம் சிரித்தது. கடைசிவரை சிரித்தது. "நல்ல காமெடிம்மா, கலக்கிட்டே" என்று நடுவர் கைகொடுத்து, நகைச்சுவைப் பிரிவில் முதல் பரிசு தந்தார். "காமெடி இல்ல சார், காதல் பாட்டு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பெரிய விஷயமில்லை, விடுங்கள். இங்கே உப்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது. எண்ணெய் அனுப்பும்போது, வீடியோவில் அம்மா போட்டிருந்த பச்சைத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "ஏட்டி, என்னயப் போயி யாரு பாக்கப் போறா?" என்று படமெடுத்த அன்று அம்மா கேட்டாளே, அவளிடம் முதல் பரிசு என்று மட்டும் சொல்லுங்கள். வீடியோவைக் கேட்பாள். அனுப்பிவிடுகிறேன். அதில் சிரிப்புச் சத்தம் இல்லை.

உங்கள்
தேஜு