இரண்டு நோ டிரம்ப்

மச்சான்,

போன ஞாயிறு சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். அப்படியே உன் கழுத்து வாசனை. பார்த்தால் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் என் புது ஜோடி, ஓய்வுபெற்ற வங்கிக்காரர். எனக்கு வாய்க்கும் ஜோடியெல்லாம் கழுத்து வலிக்காரர்கள்தான். என் ஆட்டம் அப்படி.

நாம் ஜோடியாக ஆடிய 2007 போட்டி ஞாபகம் இருக்கிறதா? எதிராளி ஒரு ஸ்பேடு என்று ஏலம் தொடங்கினார். நீ "ரெண்டு நோ டிரம்ப்" என்றாய். ஊருக்கெல்லாம் அது துருப்பே வேண்டாத பலமான கை. நமக்கு மட்டும் அது கிளாவரில் ஐந்து சீட்டு, டைமனில் ஐந்து சீட்டு, மற்றபடி ஓட்டாண்டி. அன்று காலையில்தான் பேசி வைத்தோம். புவனகிரி வடையோடு நான் அதையும் செரித்துவிட்டு, மூன்று நோ டிரம்ப் என்று ஏற்றினேன். ஏலத்தில் சொன்னதற்கு நான்கு பிடி குறைந்தது, கோப்பையும் போனது.

"ஏன்யா, ரெண்டு பேரும் ஒரே ஊர்தான?" என்று கத்தினார் நம் கடலூர் கிளப் செயலாளர்.

நீ அசரவில்லை. "மறந்தது இவன். நான் சொன்னது சரி. திரும்பவும் சொல்லுவேன்."

சொன்னாய், சாகும்வரை சொன்னாய். உன் வாய்க்குப் பயந்து யாரும் தடுக்கவில்லை. நீ போன கையோடு செயலாளர் என்னைப் பிடித்தார்: "டீம்ல இருக்கணும்னா அந்த ஏலத்த உட்ருங்க மாமா." நான் கோழை, தலையாட்டினேன். ஆனால் பஸ்ஸில் வங்கிக்காரரிடம் முழுக்க விளக்கிவிட்டேன்.

சிதம்பரம் போட்டியில் மூன்றாவது ஆட்டம். எதிராளி ஒரு ஸ்பேடு என்றார். என் கையில் கிளாவர் ஐந்து, டைமன் ஐந்து. செயலாளர் என் முதுகுக்குப் பின்னால்.

"ரெண்டு நோ டிரம்ப்."

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று எதிர்க்கட்சி வங்கிக்காரரைக் கேட்டது; ஏலத்தின் அர்த்தத்தை ஜோடிதான் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் செயலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

"கிளாவரு, டைமனு. அஞ்சஞ்சு. நாங்க அப்பிடித்தான்."

பிறகு மூன்று டைமன் சொன்னார். ஒரு பிடி குறைந்தது. அவர்களை ஸ்பேடில் ஆட விட்டிருந்தால் நமக்கு இன்னும் ஜாஸ்தி போயிருக்கும் என்று கணக்குச் சொல்லிப் பார்த்தேன். செயலாளர் அங்கேயே டீம் பட்டியலில் என் பெயரை அடித்தார். வங்கிக்காரர் பேனாவை வாங்கித் தன் பெயரையும் அடித்துக்கொண்டார்.

போகட்டும் மச்சான். உன் ஏலத்தைச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.