பற்பசை வைத்த நாற்பது பல்புகள்

அக்கா,

இன்று திங்கள்கிழமை. காலையில் சீயமங்கலத்துக்காரர் ஒருவர் எரியாத பல்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "உங்க பல்புதாம்மா. ஏழு வருசம் எரிஞ்சுது, நேத்திக்கு நின்னுபோச்சு. இன்னான்னு பாருங்க" என்றார். உத்தரவாதக் காலம் என்றோ முடிந்த பல்பு. சண்டைக்கு வரவில்லை அவர், பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பல்பின் கழுத்தில் மார்க்கர் பேனாவால் நீ எழுதிய தேதி பாதி அழிந்திருந்தது. அதன் கீழே இன்னொரு தேதி, அதுவும் உன் எழுத்து. பல்பு நம் அறையை விட்டுப் போகும் நாளை மட்டும்தான் எழுதுவோம். இரண்டாவது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் முதல் தேதியை எனக்குத் தெரியும். அந்தத் தேதி போட்ட பல்புகளை நான் எந்தக் குப்பையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

மகளிர் குழுவுக்கு எல்.ஈ.டி பல்பு செய்யப் பத்து நாள் பயிற்சி கொடுத்தபோது நாம் இரண்டு பேர்தான் அதைத் தொழிலாக எடுத்தோம். மற்றவர்கள் சான்றிதழோடு சரி. திருவண்ணாமலை ரோட்டில் தகரக் கூரை போட்ட அறை, பற்றவைக்க இரண்டு சாலிடரிங் அயர்ன், ஒரு ஃபேன். சித்திரையில் எதிரே ராஜகிரிப் பாறை விடும் அனலில் நாமே வெந்துவிடுவோம் போலிருக்கும். நீ மட்டும் சலிக்காமல் உட்கார்ந்திருப்பாய். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்ற உங்கள் ஜைன வீட்டு வழக்கத்துக்காக ஐந்தரைக்கு எழுந்து போவாய். அது ஒன்றுதான் உன்னை அந்த மேசையிலிருந்து எழுப்பும்.

வாங்க வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "எத்தினி வருசம் வரும்?" பெட்டியில் அச்சடித்ததைப் படித்துக் காட்டி விற்பவள் நான். நீ உட்கார வைத்துப் பாடமே எடுத்துவிடுவாய். "குண்டு பல்பு பட்டுனு செத்துடும். இது சாவறதில்ல, கொஞ்சம் கொஞ்சமா மங்கும். உள்ள இருக்கறது நீல வெளிச்சம், மேல மஞ்சளா பூசியிருக்கறதாலதான் நமக்கு வெள்ளையா தெரியுது. சூடு ஏறுனா அந்தப் பூச்சு கெட்டுப்போவும். ஒரு புள்ளி கருகுனா வரிசையே அணைஞ்சிடும். மூடுன கண்ணாடிக் குடுவைக்குள்ள மாட்டாதீங்க." வந்தவர் பாவம், ஒரு பல்பு வாங்க வந்தவர். வாசலில் அவருக்கு பஸ் போய்விடும்.

பல்பைத் தொட்டால் சுடுகிறது என்று புகார் சொல்பவர்களிடம் உனக்குத் தனிப் பிரியம். "சுட்டா நல்லதுங்க. சூடு வெளிய வருதுன்னு அர்த்தம். சில்லுனு இருந்தாதான் பயப்படணும், உள்ளயே வேவுது" என்பாய். எல்.ஈ.டி பதித்த தட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தடவுகிற வெள்ளைப் பேஸ்டைப் பற்றி நீ பேசினால், பிள்ளைக்கு மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

அந்தப் பேஸ்ட்தான் தீர்ந்துபோனது. சீயமங்கலத்துக்கும் அவலூர்பேட்டைக்குமாக மறுநாள் கொடுக்க வேண்டிய பல்புகளில் நாற்பது பாக்கி. நீ உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். புது பேஸ்ட் டியூப் வாங்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள், குளியலறை மாடத்தில் பற்பசையைப் பார்த்தேன். அதுவும் வெள்ளை, அதுவும் கொழகொழப்பு. சொன்னால் யார் நம்புவார்கள்? நாற்பது பல்புக்கும் பல் தேய்க்கிற பசையைத் தடவி மூடினேன். புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நீ வந்து ஒவ்வொன்றையும் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தாய். சுட்டது. ஈரம் இருக்கும் வரை பற்பசையும் சூட்டைக் கடத்தத்தான் செய்கிறது. "எல்லாத்துக்கும் பேஸ்ட் வச்சியாடி?" என்று கேட்டாய். "வச்சேங்க்கா" என்றேன். பொய் இல்லையே என்று அன்று மனசுக்குள் சிரித்துக்கொண்டது இப்போதும் நினைவிருக்கிறது.

நான்கு மாதத்தில் பசை காய்ந்து சுண்ணாம்பானது. பல்புகள் மங்கின, துடித்தன, அணைந்தன. மக்கள் திட்டிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். நீ சாக்குப்பையில் அள்ளி வீட்டுக்கு எடுத்துப்போனாய். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஊர் ஊராகப் போய் மாற்றிக் கொடுத்தாய். ஒருநாளாவது நான் கூட வந்தேனா? தலைவலி என்றேன், பிள்ளைக்குப் பரீட்சை என்றேன்.

பிறகு குழுக் கூட்டம். தலைவி நீ என்பதால் பதில் சொல்ல வேண்டியவளும் நீ. பெண்கள் சத்தம் போட்டார்கள். எங்கே என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "அக்கா வாங்கியாந்த டிரைவருதான் மட்டம். அப்பவே சொன்னேன், கேக்கல" என்றேன். பல்புக்குள் கரண்ட்டைச் சீராக்கித் தரும் அந்தச் சின்ன போர்டை மூன்று கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவள் நீ. நான் எதையும் அப்போதே சொல்லவில்லை.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சூடு வெளிய வரல. அதான் போச்சு. பொறுப்பு என்னுது" என்றாய். அந்த இடத்திலேயே பதவியை விட்டாய். அடுத்த மாதம் என்னைத் தலைவியாக்கினார்கள். உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஐப்பசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, "எங்கிட்ட எதுனா சொல்லணுமாடி?" என்று கேட்டாய். "ஒடம்பு தேறி வாங்க்கா, பேசலாம்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இன்று அந்தப் பல்பைத் திறந்தேன். தட்டுக்கு அடியில் நல்ல பேஸ்ட், ஓரம் வரை சீராக. திருகாணி மூலையில் மட்டும் சுரண்டத் தவறிய பற்பசைத் துணுக்கு, காய்ந்து வெள்ளையாக. நீ பிரித்திருக்கிறாய், சுரண்டியிருக்கிறாய், சரி செய்து திருப்பிக் கொடுத்திருக்கிறாய். இரண்டாவது தேதி அதுதான். மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தேதி, நீ பதவியை விட்ட கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால்.

தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தாய். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் மட்டம் என்று சொன்ன டிரைவர் ஏழு வருடம் உழைத்து, கெபாசிட்டர் உப்பி, வயதாகித்தான் செத்திருக்கிறது.

ஏன் அக்கா சொல்லவில்லை? நாலு பேர் முன்னால் என் தலைமயிரைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே. உன் மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது, பார்.

மாலை குழுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பற்பசை, பொய், எல்லாம். கேட்டதும் ஒருத்தி சிரித்துவிட்டாள். "வுடு, பல்புதான? அவங்களே போய்ச் சேந்துட்டாங்க" என்றாள் இன்னொருத்தி. மினிட்ஸ் புத்தகத்தில் 'தரமற்ற பொருள் வாங்கிய காரணத்தால் தலைவி விலகினார்' என்று எழுதியிருந்த வரியை அடிக்கச் சொன்னேன். எழுத்துவேலை பார்க்கும் பெண், "பழசை அடிக்கக் கூடாதுக்கா, புதுசா எழுதலாம்" என்றாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல என்று எழுதினாள்.

எழுதி முடித்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். தலைவியின் கையெழுத்து இருந்தால்தான் செல்லுமாம். 'தலைவி' என்று அச்சடித்த கோட்டின் மேல், அக்கா, என் பேரைத்தான் எழுத வேண்டியிருந்தது.