பறித்த கோலும் உன் அம்மா சொன்ன வார்த்தையும்

அன்பு மகள் யா பெனேவாவுக்கு அசுக்ரோமிலிருந்து உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாயிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தப் பனியில் நோய் நொடியில்லாமல் இருக்க நம் முன்னோரைக் கேட்டுக்கொள்கிறேன். மனசு எப்படி என்று நீ கேட்கவில்லை, கேட்டிருந்தால் நாலு பக்கம் கூடுதலாக எழுதியிருப்பேன். மழை நேரத்துக்கு வந்தது, கோகோ காய் பரவாயில்லை.

போனில் நீ சொன்னதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், போனில் எனக்குக் கோபம்தான் வரும், பதில் வராது. ஓர் ஆட்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கோலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் காலத்தில் தலைவரும் ஒக்கியாமேயும் யாருக்கு வேண்டும், ஓட்டுப் போடுகிறோம், பாராளுமன்றம் இருக்கிறது என்றாய். முப்பத்தொரு வருஷம் நம் தலைவர் நானாவின் சொல்லை ஊருக்கு எடுத்துச் சொன்ன ஒக்கியாமே நான், என் கோலைத் தூக்கித்தான் நீ நடை பழகினாய் என்பதாவது நினைவிருக்கிறதா? பாராளுமன்றத்துக்குத் தோற்றவன் போக முடியாது மகளே, நம் அரண்மனை முற்றத்துக்குத் தோற்றவனும் வந்து உட்காரலாம். அதனால்தான் தலைவர் எந்தக் கட்சிக்கும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டத்தை நான் பள்ளியில் படிக்கவில்லை, உன் அம்மா கருவாடு சுற்றி வந்த தாளில் படித்தேன், ஆனால் எழுத்து விடாமல் படித்தேன்.

பழைய நானா அபாபியோ இருந்தபோது இதெல்லாம் யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு மூக்கின் மேல் கோபம். ஒருமுறை நிலத்துக்காகச் சண்டையிட்ட அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பார்த்து, இந்தப் பன்றிகள் என் கண்ணில் படக்கூடாது என்று என் காதில் சொன்னார். நான் எழுந்து கோலை ஊன்றி, நானாவுக்கு உங்கள் இருவர் மேலும் வருத்தம், அறுவடை முடிந்து சேர்ந்து வரச் சொல்கிறார் என்றேன். சேர்ந்தே வந்தார்கள். அன்று சாயங்காலம் நானா எனக்கு மான் தொடை ஒன்று அனுப்பினார், எதற்கென்று சொல்லவில்லை. தலைவரின் சொல் ஒக்கியாமே வாயில் வந்த பிறகுதான் சொல். அதில் தப்பு வந்தால் அது ஒக்கியாமேயின் தப்பு, தலைவருடையது அல்ல. நெய்யில் பொரித்தது போல் ருசியாகப் பேசினாய் என்பார் அவர். அந்த முற்றத்துச் செம்மண்ணும், மதுவை முதலில் நான் வாயில் வைத்துப் பார்த்தபின் அவர் வாங்கிக் குடிப்பதும் இப்போதும் கண்ணிலேயே நிற்கின்றன.

இப்போதைய நானா தார்கோ அக்ராவில் வங்கியில் இருந்து வந்தவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். நடந்தது என்ன என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். தேர்தலுக்கு நிற்கும் பாஃபோ நம் மருந்தகத்துக்குக் கூரை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தான். ஊர்ச்சபை கூடியிருந்தபோது நானா என் பக்கம் சாய்ந்து, எல்லாரும் ஓட்டுச்சீட்டில் பாஃபோவுக்கே விரல் வைக்கச் சொல் என்றார். நான் எழுந்து, நானா உங்களுக்கு நல்ல மழையும் நல்ல பிள்ளைகளும் வேண்டுகிறார் என்றேன். அவர் மறுபடியும் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சனம் காத்திருந்தது, நானும் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அத்தனை பேர் முன்னால் ஆள் விட்டு என் கையிலிருந்து கோலைப் பறிக்கவைத்தார். நானாவைப் பீடத்துக்குத் தேர்ந்தெடுத்த ராணித்தாய் வேறு, "ஏன்யா கெழவா, நாக்கு உனக்குக் கடன் குடுத்ததா, உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றாள். சிரித்தவர்கள் பெயரெல்லாம் என்னிடம் இருக்கிறது.

அதோடு முடியவில்லை. நானா என் காதில் சொன்னதை எவனோ செல்போனில் பிடித்துவிட்டான், எதிர்க்கட்சிக்காரர்கள் அதைத் தலைவர்கள் மன்றத்துக்குக் கொண்டுபோய் இவரைப் பீடத்திலிருந்து இறக்க வேண்டும் என்றார்கள். போன வாரம் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கோலைப் பறிகொடுத்தவன் கொட்டித் தீர்ப்பான் என்றுதான் எல்லாருக்கும் எண்ணம். கோட்டுப் போட்ட வக்கீல் பையன் என்னைக் கேட்டான், "பெரியவரே, உங்க காதால கேட்டீங்களா இல்லையா?" நான் பொய் சொல்லவில்லை. "என் காது கேட்டுச்சு தம்பி. என் காது ஊரில்ல. நான் சொல்லாதத நானா சொல்லல. அந்தப் போன்ல இருக்கறது அவரு மூச்சு," என்றேன். மன்றத்துப் பெரியவர்கள் தனியே எழுந்துபோய்க் கலந்துபேசிவிட்டு வந்தார்கள். இனி எச்சரிக்கையாயிரும் என்று நானாவை விட்டுவிட்டார்கள். நான் காப்பாற்றியது பீடத்தை, அந்த ஆளை அல்ல, அதைத் தெளிவாக வைத்துக்கொள்.

முந்தாநாள் மத்தியானம் நானாவே நம் வீட்டுக்கு வந்துவிட்டார், குடையில்லை, கொம்பு ஊதுகிறவன் இல்லை. நான் இப்போது ஒக்கியாமே இல்லை, அதனால் நேராக அவரோடு பேச முடியாது. அவரும் நடுவில் ஆளில்லாமல் பேச முடியாது. இருவரும் கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் உன் அம்மாவைப் பார்த்து, "ஃபோசுவாம்மா, நீங்க நடுவுல நில்லுங்க. அன்னிக்கு இவர் வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு நான் பீடத்துல இல்லன்னு இவர்கிட்ட சொல்லுங்க," என்றார். அவள் சொன்னாள். நான் சொன்னேன், "கோலப் பறிச்ச எடத்துலயே, அதே சனத்துக்கு முன்னால குடுக்கட்டும். இல்லன்னா அத வச்சு வீட்ல ஃபுஃபுக்குக் கிழங்கு இடிச்சுக்கட்டும். ஆடு கீடுன்னு என் வாசல்ல பேச்சு வரக்கூடாதுன்னு சொல்லு." உன் அம்மா துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நானா, உங்க பெரியவர் சொல்றாரு, புதுக்கிழங்குத் திருவிழாவுல சனத்துக்கு முன்னால நீங்க கோலோட வாங்க, இவர் ஆட்டோட வருவாரு. ரெண்டு பேரும் ஒண்ணா நடந்து வந்தா யாரு மொதல்லன்னு யாரும் எண்ண மாட்டாங்க."

நானா தலையசைத்து, கேட்டுக்கொண்டேன் என்றார். நான் வாயைத் திறந்தேன். உன் அம்மா பச்சைப்பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்து, "ஏதாச்சும் விட்டுப்போச்சா?" என்றாள். என்ன சொல்வேன் நான்? நடுவில் நிற்பவர் வாயில் வந்ததுதான் சொல் என்று மன்றத்தில் சத்தியம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றேன்.

ஆட்டை வாங்கிக் கட்டியாகிவிட்டது, வெள்ளை ஆடு. இதை மன்னிப்பு என்று நீ உன் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரியாதே, நான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான். நீயும் பிள்ளைகளும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் காலில் கல் தட்டாமல் இருக்க என் ஆசீர்வாதம். பிள்ளைகளோடு வீட்டில் நம் மொழியிலேயே பேசு. சனிக்கிழமை போன் செய்யும்போது உன் அம்மாவை ரொம்பப் புகழாதே, ஏற்கெனவே ராணித்தாய் அவளை நாற்காலி போட்டு உட்காரவைக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா க்வாக்கு பெதியாத்துவோ,
திருவிழா வரைக்கும் கோல் இல்லாத ஒக்கியாமே