மாமியின் புட்டுக்குழல், பதிவு எண் 4117

12 செப்டெம்பர் 2023, ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்

இன்றும் கூட்டம். 'மேற்கு யூட்லாந்து வரலாற்று ஆய்வு மையம்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே நாங்கள் ஐந்து பேர், கோப்பி போடும் ஒரு இயந்திரம், நானூறு மண்வெட்டிகள். இந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் பிள்ளைகள் மண்வெட்டியை எங்களிடம் கொண்டுவந்து தந்துவிடுகிறார்கள். மண்வெட்டி தவிர இந்த மேற்கில் வேறு வரலாறே கிடையாதா என்று எங்களை நடத்தும் பல்கலைக்கழகம் கேட்கிறதாம்.

பொருட்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. நவம்பர்க் கண்காட்சிக்குப் புதிதாக ஏதும் வராவிட்டால் டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இயக்குநர் கியர்ஸ்டன் என்னைப் பார்த்தார். நான் ஏன் வாயைத் திறந்தேன்? "எங்கள் வீட்டில் ஒரு குழல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

15 செப்டெம்பர்

கியர்ஸ்டன் வீட்டுக்கு வந்தார். மாமி (என் கணவன் ரஜிதனின் அம்மா தங்கமலர், எங்களோடுதான் இருக்கிறார்) தேத்தண்ணி, வடை என்று வரிசையாக வைத்தார்.

சபாரத்தினம் மாமா வந்த புதிதில் இங்கே ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை செய்தவர். பால் கறக்கும் இயந்திரத்தின் பழைய எஃகுக் குழாயை வெட்டி, ஓட்டைத் தட்டுப் போட்டு, மாமிக்குப் புட்டுக்குழல் செய்துகொடுத்தார். மாமா போய் ஒன்பது வருஷம். குழல் மட்டும் தினமும் அடுப்பில். இதைக் கேட்டுக் கியர்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்காட்சி முடிய இது உங்களுக்குத் திரும்ப வேண்டுமா?" என்று கேட்டார்.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. வைச்சிருங்கோ," என்றார் மாமி.

நான் மொழிபெயர்த்தேன்: வேண்டாமாம். கியர்ஸ்டன் படிவத்தை எடுத்தார். நான் காட்டிய இடத்தில் மாமி கையெழுத்துப் போட்டார். குழல் கியர்ஸ்டனோடு போனது.

18 செப்டெம்பர்

ஒப்பந்தம் ஒரு வருஷம் நீடிப்பு. கேக் வெட்டினார்கள்.

26 செப்டெம்பர்

"எப்ப கொண்டு வருவினம்?" என்று மாமி கேட்டார். கியர்ஸ்டனிடம் கேட்டேன். அது நன்கொடை, பதிவு எண் 4117, இனிப் பல்கலைக்கழகத்தின் சொத்து என்றார். இப்போது இரண்டு கிழமைக்கு மைனஸ் முப்பது பாகை உறைபெட்டியில் இருக்கிறது. பூச்சி சாவதற்காம். எஃகுக்குள் என்ன பூச்சி? விதி அப்படி.

மாமியிடம் சொன்னேன்.

"முப்பத்தாறு வருஷம் என்ர கொதிதண்ணியில அவிஞ்சு தப்பின பூச்சி, அவையின்ர ஐஸ்பெட்டியிலதான் சாகப்போகுதோ?"

நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றேன்.

"சொன்னனான். எங்கட ஆக்கள் ஆர் முதல் தரமே ஓம் எண்டுறது? மூண்டு தரம் கேட்டால்தானே! அவவுக்கு அது தெரியாது. உமக்குமா தெரியாது?"

'உமக்கு' என்றார். பதினொரு வருஷத்தில் மாமி என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டவர்.

எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். எனக்கு வேலை வேணும், அவ்வளவுதான். சீ.

14 ஒக்டோபர்

ஓகூஸ் நகரத்துத் தமிழ்க் கடையில் புதுக் குழல் வாங்கிவந்தேன். மாமி அதை ஒட்டிய விலைச்சீட்டோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டு, மூன்று வேளையும் இந்த ஊர் ரொட்டியான கறுப்புப் பாணைச் சாப்பிடுகிறார். ரஜிதன் "நான் இதில தலையிடேல்லை" என்று தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான். நல்ல புருஷன்.

9 நவம்பர்

கண்காட்சி தொடங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழல். கீழே சீட்டு: 'மாற்றியமைக்கப்பட்ட பால்கறவைக் கருவி. உள்ளே கழுவப்படாத உணவு எச்சம்.' ஒரு நுள்ளுத் தேங்காய்ப்பூ ஓட்டைக்குள் சிக்கியிருந்ததாம். அதற்குத் தனி எண், தனிப் பை.

பின்னேரம் நவரத்தினம் அண்ணை மாமிக்குப் போன் எடுத்தார். எங்கள் வட்டாரத்தில் அவர்தான் வானொலி. "அக்கா, நீங்கள் கழுவாமல் குடுத்திட்டியள் எண்டு பெட்டிக்குள்ள எழுதிக் கிடக்குது."

மாமி போனை வைத்துவிட்டு அழுதார். மாமா செத்த வீட்டுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

10 நவம்பர்

காலையில் மாமி பாத்திரம் தேய்க்கும் தும்பும் சவர்க்காரமும் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி மையத்துக்கு வந்துவிட்டார். பெட்டி பூட்டு. அசையாமல் இரண்டு மணித்தியாலம் முன்னால் நின்றார். பார்க்க வந்தவர்கள் மாமியும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் படம் எடுக்கக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். மாமி தள்ளி நின்றார்.

அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. கியர்ஸ்டனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, தெரிந்துதான் செய்தேன், வேண்டுமானால் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இந்த ஊர்க்காரர் வாய் திறக்க ஒரு பருவம் போகும். கடைசியில் "ம்" என்றார்.

4 டிசம்பர்

நன்கொடையைத் திருப்பிக் கொடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும், இரண்டு வருஷமாகும். ஆனால் வேறு நிறுவனத்துக்கு இரவல் கொடுக்கலாமாம். கியர்ஸ்டனே எழுதினார். இரவல் பெறும் நிறுவனம்: 'தங்கமலர் குசினி', அதாவது எங்கள் வீட்டு அடுப்படி. நிபந்தனைகள்: அறை வெப்பம் இருபது பாகைக்குள், வெள்ளைக் கையுறை, உணவுடன் தொடர்பு கூடாது.

மாமிக்கு மாமியின் குழல் இரவல்.

8 ஜனவரி 2024

கண்காட்சி முடிந்து குழல் வந்தது. மாமி முதலில் ஓட்டை ஓட்டையாகத் தேய்த்தார். பிறகு அடுப்பில் ஏற்றினார். கையுறை போட்டுத்தான் இறக்கினார். "பிடிதுணியை விட நல்லது," என்று ரஜிதனிடம் சொன்னார். என்னிடம் இல்லை.

8 ஜனவரி 2025

என் ஒப்பந்தம் இன்னொரு வருஷம் நீடித்திருக்கிறது. இரவல் போன பொருளைப் பரிசோதிக்க ஆள் வேண்டுமாம். இன்று முதலாவது பரிசோதனை. கியர்ஸ்டனும் வந்தார். மாமி புட்டும் சம்பலும் வைத்தார். 'உணவுடன் தொடர்பு?' என்ற கட்டத்தில், வாய் நிறையப் புட்டோடு, கியர்ஸ்டன் 'இல்லை' என்று எழுதினார்.

பிறகு இன்றோடு ஒரு வருஷ இரவல் முடிவதாகச் சொன்னார். நீடிக்க வேண்டுமா, எடுத்துக்கொண்டு போகவா?

"ஐயோ, வேண்டாம் பிள்ளை, ஏன் உங்களுக்குக் கரைச்சல்? கொண்டுபோங்கோ," என்றார் மாமி.

கியர்ஸ்டன் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

நான் டேனிஷில் சொன்னேன்: "வேணுமாம். சாகும்வரை வேணுமாம். இனி ஒவ்வொரு வருஷமும் கேட்க வேண்டாமாம்."

மாமிக்கு அந்தளவு டேனிஷ் விளங்கும். எழும்பிப் போய் அடுத்த குழல் புட்டை இறக்கி வந்து, என் சாப்பாட்டுக் கோப்பையில் தட்டினார்.

"நீ இன்னும் சாப்பிடேல்லை," என்றார்.